இன்ஜினியர் ஆகாமப் போன துய்மோனும் என் அக்கா மகனும்

போன மாசம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அக்காகிட்டயிருந்து போன். அந்த நேரத்துக்கு போன் வந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

"டேய் தம்பி, உன் மருமகன் பண்ற கூத்தைக் கேட்டியா? இன்ஜினியரிங் பிடிக்கலையாம். சமூகவியல் படிக்கப் போறானாம். மூணு வருஷம் பணம் கட்டியாச்சு. நீதானே தாய்மாமன், வந்து புத்தி சொல்லு."

பின்னாடி மச்சான் போடுற சத்தமும் கேட்டுச்சு. "அதைப் படிச்சிட்டு எந்தக் கம்பெனிக்குப் போவான்னு கேளு!"

மதுரை, தேனிப் பக்கம் இன்ஜினியர்னா சும்மா இல்லீங்க. 1895ல பெரியாத்துத் தண்ணியை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட பென்னிகுவிக் படத்தை இன்னைக்கும் சாமி படத்தோட சேர்த்து மாட்டி வச்சிருக்கிற சீமை. இங்க வந்து இன்ஜினியரிங் வேண்டாம்னு ஒருத்தன் சொன்னா வீட்ல சும்மா விடுவாங்களா? நானும் இன்ஜினியர்தான். அதனால புத்தி சொல்ற தகுதி எனக்கு டபுளா இருக்குன்னு அக்கா நினைப்பு.

"சரிக்கா, ஞாயித்துக்கிழமை வரேன்"னு வச்சிட்டேன். வச்சதும் ஞாபகத்துக்கு வந்தது ஒரு பிரெஞ்சுக்காரர். லூயி துய்மோன். (எழுத்துக்கூட்டிப் படிச்சா டூமாண்ட்னு வரும். பிரெஞ்சுக்காரங்க கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க.)

1911ல பிறந்தவர். அப்பா இன்ஜினியர். பையனும் அந்த வழியிலயே போகணும்னு பாரிஸில் பெரிய இன்ஜினியரிங் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ற வகுப்பில் சேர்த்துவிட்டாங்க. நம்ம ஊர் கோச்சிங் சென்டர்னு வச்சுக்கோங்களேன். பதினெட்டு வயசுல, முடியாதுன்னு விட்டுட்டு வந்துட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்துல வீட்டை விட்டே வெளியேற வேண்டியதாப் போச்சு. கொஞ்ச வருஷம் கிடைச்ச வேலையெல்லாம் பார்த்தார். 1930களின் நடுவில் பாரிஸில் நாட்டுப்புறக் கலைகளுக்கான அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன வேலை. அங்கிருந்துதான் மார்செல் மோஸ் என்ற பெரிய சமூகவியல் ஆசிரியரின் வகுப்புக்குப் போய் உட்கார ஆரம்பிச்சார்.

அப்புறம் உலகப்போர். ஜெர்மானியர்கள்கிட்ட கைதி. ஹாம்பர்க் பக்கத்துல தொழிற்சாலையில் வேலை வாங்கினாங்க. மனுஷன் அந்த நிலைமையிலயும் ஷூப்ரிங் என்ற சமண நூல் அறிஞரைப் பிடிச்சு சம்ஸ்கிருதம் கத்துக்கிட்டார். போர் முடிஞ்சு ஊர் திரும்பி, தமிழும் படிச்சு, 1949 வாக்கில் அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கம். பிரமலைக் கள்ளர் சமூகத்துக்காரங்களோட மாசக்கணக்கில் தங்கி, கேட்டுக் கேட்டு நோட்டுப்போட்டு எழுதினார். 1957ல பிரெஞ்சில் தடிமனான புத்தகமா வந்தது. ஆங்கிலத்தில் வர 1986 ஆச்சு. நான் படிச்சது அந்த ஆங்கிலப் புத்தகம்தான்.

அவர் வந்த நேரத்தைக் கவனிக்கணும். கைரேகைச் சட்டம்னு நம்ம பக்கம் சொல்ற குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947ல. அதுக்கு முன்னாடி முப்பது வருஷத்துக்கு மேல, பிறப்பை வச்சே ஒரு சமூகத்தைக் குற்றவாளின்னு எழுதி வச்சிருந்தாங்க. ராத்திரியானா ஆம்பளைங்க போலீஸ் காவல்ல போய்ப் படுக்கணும். 1920 ஏப்ரல் 3ல பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ன ஜனங்களைச் சுட்டாங்க. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தாங்க. அரசாங்க ரெக்கார்டில் கைரேகையா மட்டும் இருந்தவங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்க மாமன் யாரு, பங்காளி யாரு, கும்பிடுற சாமி எது?"ன்னு இவர் கேட்டிருக்கார். கேள்வியே வேற மாதிரி இல்லையா?

அதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அம்மாவோட அண்ணன் தம்பி நமக்கு மாமா. அத்தையோட புருஷனும் மாமா. பொண்டாட்டியோட அப்பாவும் மாமா. வெள்ளைக்காரங்களுக்கு இது குழப்பம், மூணும் வேறவேற ஆள்தானேன்னு. துய்மோன் 1953ல ஒரு கட்டுரை எழுதினார். இதுல குழப்பமே இல்லை, நீங்கதான் ரத்த உறவுன்னு தேடிக் குழம்புறீங்க. தமிழ் உறவுமுறை பங்காளி ஒரு பக்கம், சம்பந்தம் ஒரு பக்கம்னு ரெண்டாப் பிரிச்சு நிக்குதுன்னு காட்டினார். தாய்மாமன் அம்மாவோட ரத்தம்ங்கிறதால மட்டும் முக்கியமில்லை. அவன் அப்பாவுக்கு மச்சான். அந்த மச்சான் முறைதான் அடுத்த தலைமுறைக்கு மாமன் முறையா இறங்குது. மாமன் சீர்னு காதுகுத்துல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் செய்யறதெல்லாம் அந்தச் சம்பந்தத்துக்குக் கட்டுற வட்டி மாதிரி.

படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. என் மடியில உட்கார வச்சுத்தான் அக்கா மகனுக்குக் காது குத்தினது. மொட்டைத்தலையோட என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அலறினான். நான் பாட்டுக்குத் தோடு வாங்கிக் கொடுத்துட்டு பிரியாணி சாப்பிட்டு வந்துட்டேன். அதுக்குள்ள இவ்ளோ கணக்கு இருக்கா! :-)

அய்யனாரைப் பத்தியும் எழுதியிருக்கார். நம்ம கண்மாய்க்கரைக் கோயில்ல அய்யனார் சைவம், கருப்பு கிடா கேட்கிற சாமி. கிடா வெட்டும்போது அய்யனார் முன்னாடி திரை போடுவாங்க. சின்ன வயசுலயிருந்து பார்க்கிறேன், ஏன்னு கேட்டதில்லை. அந்தச் சாமியைத் தனியா வச்சுப் பார்த்தா புரியாது, ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் பார்க்கணும்ங்கிறார் துய்மோன்.

இத்தோட நிறுத்தினா பாராட்டு விழா பதிவாயிடும். 1966ல 'ஹோமோ ஹைரார்க்கிகஸ்'னு அவரோட பெரிய புத்தகம் வந்தது. சாதி முழுக்க தூய்மை-தீட்டு என்ற ஒரே அச்சில் சுத்துது, அதிகாரம் பணமெல்லாம் அதுக்கு அடுத்துதான்னு ஒரு மிஷினே கட்டிட்டார். உலகப் புகழ். ஆனா அடியும் விழுந்தது. ஜோன் மென்ச்சர் 1974ல, கீழேயிருந்து பார்த்தா சாதி உங்களுக்குத் தெரியிற மாதிரியா தெரியுதுன்னு கேட்டார். நிலமும் கூலியும் உழைப்புச் சுரண்டலும்தான் அங்கே கண்ணுக்குத் தெரியும்னார். நிக்கலஸ் டர்க்ஸ் 1987ல புதுக்கோட்டைக் கள்ளர் அரசை வச்சே, அரசனும் அதிகாரமும் அவ்வளவு சின்ன விஷயமில்லைன்னு எழுதினார். இன்ஜினியரிங்கை விட்டு வந்தாலும் அந்தப் புத்தி துய்மோனை விடலையோன்னு எனக்குத் தோணும். வரைபடம் சுத்தமா வரணும்னா சில கோட்டை அழிச்சுத்தானே ஆகணும்?

ஞாயித்துக்கிழமை போனேன். பையன் மாடியில் இருந்தான். இதையெல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "மாமா, இப்ப நான் படிக்கலாம்ங்கறீங்களா, வேண்டாம்ங்கறீங்களா?"ன்னான்.

"மாப்ள, முதல்ல நாலாவது வருஷத்தை முடி. துய்மோன் மாதிரி ரோட்டுக்கு வர வேண்டாம். அதுக்குள்ள ஒரு வேலை செய். நம்ம ஊர்ல நீ இதுவரைக்கும் எந்தத் தெருவுக்குள்ள போனதில்லை, ஏன் போனதில்லைன்னு ஒரு நோட்டுல எழுதிக் கொண்டுவா."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டான். "நீங்க போயிருக்கீங்களா மாமா?"

போனதில்லை. நாற்பத்தஞ்சு வயசாச்சு. கண்மாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிற தெரு. அங்கிருந்து எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தவங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவன். அவங்க வீடு எப்படி இருக்கும்னு தெரியாது. உசிலம்பட்டியைப் பத்தி பிரெஞ்சுக்காரர் எழுதினதைப் படிச்சிட்டு அவர் எதை விட்டாருன்னு கணக்குப் போட்டவன் நான்! பதில் சொல்லத் தெரியாம, "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்"னேன்.

கீழே வந்தப்ப அக்கா முகத்தைத் தூக்கி வச்சிருந்தா. டிகிரியை முடிக்கிறானாம்னதும் கொஞ்சம் இறங்கினா. மேல்படிப்புக்கு யார் பணம் கட்டுறதுன்னு மச்சான் கேட்டார். "காதுகுத்துக்குத் தோடு வாங்கினேன்ல மச்சான், அது மாதிரி இதையும் மாமன் சீர்ல எழுதிக்கோங்க"ன்னேன். அவர் சிரிக்கலை. ஆனா, "இருந்து சாப்பிட்டுட்டுப் போ"ன்னார்.

நோட்டு இன்னும் வரலை. வரும். அதுக்கு முன்னாடி என்னோடதை நான் எழுத ஆரம்பிக்கணும். உங்க ஊர்ல நீங்க போகாத தெரு எதுன்னு யோசிச்சுப் பாருங்க மக்களே.