அமானிதமும் ஆடுகளமும்

அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த அரபுச் சொற்களை மாணவர்க்குக் கற்பிக்கும் போதெல்லாம் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகும். ‘அம்ன்’ என்பது அச்சமற்ற நிலை. ‘அமீன்’ என்பவர் நம்பத்தக்கவர். ‘ஈமான்’ என்பது நம்பிக்கை. ‘அமானத்’ என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். இந்தக் கடைசிச் சொல்லே நம் வீடுகளில் ‘அமானிதம்’ என வழங்கி வருகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும் நகை அமானிதம். ஜமாஅத் கணக்கரின் கையிலுள்ள பணம் அமானிதம். ஆயின், ஒரு குழந்தையைப் பிறர் பொறுப்பில் விடுவதினும் பெரிய அமானிதம் ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. இதனை இம்முறை கூடைப்பந்து விளையாட்டின் வாயிலாகப் பேச விழைகிறோம். ஓர் ஆலிமுக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை என்று வாசகர் வியத்தல் இயல்பே. அதற்குரிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

எம்மிடம் மாலை வகுப்பில் ஓதிவரும் மாணவி ஒருத்தி தன் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் குழுவில் இடம்பெற்றாள். வெளியூரில் மூன்று நாள் போட்டி. அவளுடைய வாப்பா எம்மிடம் வந்து, “ஹஜ்ரத், தாங்கள் ஆகும் என்றால் அனுப்புகிறேன், ஆகாது என்றால் நிறுத்திவிடுகிறேன்” என்றார். ஒரே சொல்லில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியாக அது எமக்குப் படவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டோம். மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டியதோடு, அந்த விளையாட்டின் வரலாற்றையும் தேடிப் படித்தோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், 1891 டிசம்பரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். பனிக்காலத்தில் கூரையின்கீழ் இளைஞர்கள் ஆடுவதற்கென்று, பீச் பழக் கூடைகள் இரண்டைச் சுவரின் உயரத்தில் பொருத்திப் பந்தெறியச் செய்தார். அதே மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அம்மையார் மறு ஆண்டே பெண்களுக்கேற்ப விதிகளை மாற்றித் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். 1893 மார்ச் 22 அன்று அக்கல்லூரி மாணவியர் ஆடிய ஆட்டத்தைக் காண வெளி ஆடவர்க்கு அனுமதி இல்லை என்பது பதிவாகியுள்ள செய்தி. பெண்மக்கள் அந்நியர் பார்வை படாமல் விளையாட வேண்டும் என்ற எண்ணம் நம் இல்லங்களுக்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் இதனை அறிந்துகொள்ளல் நலம்.

அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டி முதன்முதலாக 1985இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்தது. சோவியத் ஒன்றியம் வென்றது. நான்காண்டுக்கொரு முறை நடந்துவந்த அப்போட்டி 2005இல் முஸ்லிம் நாடாகிய துனீசியாவின் தலைநகரில் நடைபெற்றது. அதன்பின் இரண்டாண்டுக்கொரு முறை என்றாயிற்று. 2025இல் செக் நாட்டின் புர்னோ நகரில் நடந்த போட்டியில் அமெரிக்கா வாகை சூடியது. பதினேழும் பதினெட்டும் நிரம்பிய பெண்மக்கள் தாய் தந்தையரை விட்டுக் கண்டம் கடந்து சென்று ஆடும் போட்டி இது. அப்பருவத்துப் பிள்ளைகளை யார் அழைத்துச் செல்கிறார், யார் காக்கிறார் என்னும் கேள்வி அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆயினும் நெடுங்காலம் உலகில் பேசப்பட்டது இக்கேள்வியன்று; முக்காடு பற்றிய கேள்வியே. அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் அன்றைய விதிப்படி, ஆடுவோர் தலையை மூடும் துணி எதையும் அணியலாகாது என்றிருந்தது. 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத தலைப்பட்டி மட்டுமே அன்று அனுமதிக்கப்பட்டது. காயம் நேராதிருக்க ஏற்பட்ட விதி என்பதே சொல்லப்பட்ட காரணம். எம்மதத்தையும் எதிர்த்து அதனை எழுதவில்லை என்றும் கூறினர். எழுதியவர் கருத்து எதுவாயினும், முக்காடிட்ட பெண்ணுக்கு அது கதவை அடைத்தது. 2014 செப்டம்பரில் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கத்தார் நாட்டு மகளிர் மங்கோலியாவுடன் ஆட வந்து நின்றனர். முக்காட்டை அகற்றுமாறு கூறப்பட்டது. அகற்ற மறுத்து, ஆட்டத்தைக் கைவிட்டுத் திரும்பினர்.

பில்கீஸ் அப்துல் காதிர் என்னும் அமெரிக்க முஸ்லிம் பெண்ணின் வரலாறு இதனினும் உருக்கமானது. கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துப் பெண் அவர். பள்ளிப் பருவத்தில் 3,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பள்ளி மாணவர் சாதனையைத் தமதாக்கிக்கொண்டார். கல்லூரியிலும் முக்காடிட்டே ஆடினார். படிப்பு முடிந்து ஐரோப்பாவில் ஆட விரும்பியபோது சம்மேளன விதி குறுக்கே நின்றது. முக்காட்டையும் பந்தையும் எடைபோட்டுப் பார்க்கும் நிலை வந்தபோது அவர் முக்காட்டைத் தெரிந்துகொண்டார். விதியை மாற்றக் கோரி வாதாடியவர்களுள் ஒருவராகவும் ஆனார்.

அவ்வாதங்கள் வீண்போகவில்லை. 2014இல் சம்மேளனம் சோதனை முறையில் உள்நாட்டுப் போட்டிகளில் விலக்களித்தது. 2017 மே 4 அன்று ஹாங்காங்கில் கூடிய பேரவை புதிய விதியை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. முகத்தை மறையாத, பிறர்க்குக் காயம் விளைவிக்காத, முகத்தையும் கழுத்தையும் சுற்றி ஊக்கு முதலியன இல்லாத, கருப்பு, வெள்ளை அல்லது குழுவின் சீருடை நிறம் கொண்ட தலைத்துணி அணியலாம் என்பது அதன் சாரம். ஆனால் பில்கீஸ் கல்லூரியை விட்டு வெளிவந்து அதற்குள் மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. விளையாடுகிறவருக்கு மூன்றாண்டு எத்துணை நீண்ட காலம் என்பதை விதி வகுக்கும் பெரியோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதுவரை படித்தபோது, நண்பருக்குக் கூறவேண்டிய விடை எளிதாகிவிட்டதென்றே கருதினோம். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஒரு பயணத்தில் ஓட்டப் போட்டி நிகழ்த்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. உடல் உரம் பெறுவது பெண்ணுக்கு விலக்கப்பட்டதன்று. உடையைப் பற்றிய தடையும் உலக அரங்கில் நீங்கிவிட்டது. இனி என்ன என்று எண்ணியிருந்த வேளையில்தான் மாலி நாட்டுச் செய்தி எம் கண்ணில் பட்டது.

மாலி மேற்கு ஆப்பிரிக்க நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கையெழுத்துப் பிரதிகளாலும் கல்வியாலும் புகழ்பெற்ற திம்புக்து நகரம் அங்கேதான் உள்ளது. 2021 ஆகஸ்டில், ஹங்கேரியின் டெப்ரெசன் நகரில் நடந்த 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகப் போட்டியில், மாலி நாட்டுப் பெண்கள் அரையிறுதி வரை முன்னேறினர். அப்போட்டியில் ஆப்பிரிக்க நாடொன்று அந்நிலையை எட்டியது அதுவே முதன்முறை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஹங்கேரியிடம் தோற்று நான்காவதாக நின்றனர். போட்டியின் தலைசிறந்த ஐவருள் ஒருவராக மாலியின் சிக்கா கோனே தேர்ந்தெடுக்கப்பட்டார். கேட்கவே இனிக்கும் செய்தி.

ஆனால் அதற்கு இரண்டே மாதங்களுக்கு முன், 2021 ஜூனில், அதே நாட்டின் இளம் பெண் வீராங்கனையர் பலர் கூறிய கொடுமைகள் உலக ஏடுகளில் வெளிவந்தன. பயிற்சியாளர்களே தங்களிடம் முறைகேடாக நடக்க முயன்றனர் என்றும், இணங்காதவர் குழுவிலிருந்து ஒதுக்கப்பட்டனர் என்றும் அவர்கள் கூறினர். ஜூலையில், 18 வயதுக்குட்பட்ட பெண்கள் குழுவின் பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார். அனைத்துலகச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் முன்னர் மாலி சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். விசாரணை முடியும் வரை அவர் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். கனடா நாட்டுச் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் நடத்திய விசாரணையின் அறிக்கை செப்டம்பரில் வெளியாயிற்று. தலைவர் இக்கொடுமைகளை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்நாட்டுச் சம்மேளனத்தில் வீராங்கனையரைத் துன்புறுத்துவது வழக்கமாகவே ஏற்கப்பட்டுவிட்டிருந்தது என்று அவ்வறிக்கை கண்டது.

அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஒரு தலைப்பட்டியின் அகலத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளந்த உலகம், அப்பிள்ளைகளை ஒப்படைக்கப்பட்ட மனிதனை எந்த அளவுகோலால் அளந்தது? முக்காட்டை அகற்று என்றவரும் சரி, விளையாட்டே வேண்டாம் என்றவரும் சரி, இருவருமே அந்தப் பெண்ணின் ஆடையை நோக்கியே பேசினர். அவளுக்குத் தீங்கு வந்ததோ, அவளைக் குழுவில் சேர்க்கவும் நீக்கவும் அதிகாரம் பெற்றிருந்தவனிடமிருந்து. வறிய வீட்டுப் பெண்ணுக்குப் பந்து ஒன்றே முன்னேறும் வழியாக இருக்கையில், அவ்வழியின் திறவுகோல் ஒருவன் மடியில் மட்டும் இருந்தால், அவள் எவ்வாறு மறுப்பாள்? மறுத்தபின் யாரிடம் சொல்வாள்?

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்ள வழியில்லை. பிள்ளையை ஆசிரியரிடம் சேர்க்க வருகிறவர், ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று கூறுவது நம் நாட்டு வழக்கம். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்பு மிகுதியால் சொல்லப்படுவதுதான். எனினும், அவ்வாறு சொல்லிச் சென்ற பெற்றோரிடம் அந்தப் பிள்ளை எந்தக் குறையைத்தான் போய்ச் சொல்லும்? மதரஸாவாயினும், பள்ளிக்கூடமாயினும், தனிப்பாட வகுப்பாயினும், கேள்வி கேட்பாரற்ற அதிகாரம் ஒருவர் கையில் சேருமிடத்தில் அச்சத்துக்கு இடமுண்டு. ஆசிரியராகிய எம்மைப் பார்த்தும் பெற்றோர் கேள்வி கேட்கவேண்டும். அதனால் எம் கண்ணியம் குறைந்துவிடாது.

தவணை முடிந்து நண்பர் வந்தபோது, உடையைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னோம். பின்னர், “போய்ச் சிலவற்றை விசாரித்து வாருங்கள்” என்றோம். குழுவோடு பெண் ஆசிரியை செல்கிறாரா? இரவில் எங்கே தங்குவர், அவ்விடத்தின் பொறுப்பு யாருடையது? ஆடுவோரைத் தெரிவு செய்பவர் ஒருவரா, பலரா? தாய்மாருள் ஒருவர் உடன் செல்லலாமா? பிள்ளைக்கு மனவருத்தம் நேர்ந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் வந்து சொன்னால் முதலில் அவளைக் குறை கூறாமல் தாங்கள் கேட்பீர்களா?

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “ஹஜ்ரத், தனிப்பாட வகுப்புக்கு இரண்டு வருடமாக அனுப்புகிறேன். அங்கேகூட இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லையே” என்றார். பின்னர் விசாரித்தார்; மனம் நிறைந்தார்; உம்மாவின் துணையோடு பிள்ளையை அனுப்பினார். இரண்டாம் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிவிட்டார்கள். அதனால் என்ன? அடுத்த ஆண்டும் ஆடவேண்டும் என்கிறாள்.

நம் சட்ட நூல்களில் அமானிதப் பொருளுக்கென ‘வதீஆ’ என்று தனிப் பாடமே வகுத்திருக்கிறார்கள். காக்கும் ஆற்றல் இல்லாதவன் அமானிதத்தை ஏற்பதே ஹராம் என்பது ஷாஃபிஈ சட்ட அறிஞர் முடிபு. ஆற்றல் இருந்தும் தன் நேர்மைமீது தனக்கே ஐயம் உள்ளவன் அதனை ஏற்பதை அவர்கள் வெறுக்கத்தக்கதாகக் கருதினர். ஒரு பொற்காப்புக்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும் இத்துணை நுட்பமாகச் சட்டம் ஆய்ந்தவர்கள் நம் முன்னோர். பெண்மக்களை நம்பி ஒப்படைக்கும் இடங்களிலும் அதே நுட்பத்தை நாம் கைக்கொள்ளுதல் வேண்டும்.

மாலி நாட்டில் வாய் திறந்து பேசிய அந்த இளம்பெண்கள் தங்கள் விளையாட்டு வாழ்வையே பணயமாக வைத்துப் பேசினர். பெரியோர் செய்திருக்க வேண்டிய காவலைப் பிள்ளைகளே செய்துகொள்ள நேர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வாராதிருக்க, அவர்கள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கும் மனத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.