நாலு கோர் வேண்டாம்

திருநெல்வேலியில் அம்மா நடத்தும் டிடிபி கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடியாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. சிபியுவின் முதுகில், பழைய பிரிண்டர் போர்ட்டில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பூட்டு செருகியிருக்கிறது. அது இருந்தால்தான் அம்மாவின் தமிழ் எழுத்துரு மென்பொருள் திறக்கும். இப்போது விற்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தப் போர்ட்டே இல்லை. அந்த மென்பொருளோ விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி வராது. அதோடு பேஜ்மேக்கர்; 2001இல் வந்த 7.0தான் அதில் கடைசி.

கொடைக் காலத்தில்தான் வயிற்றைக் கலக்கும். ஒரு கோயில் கொடை நோட்டீஸில் வரிதாரர் பெயர்களே நானூறு வரும். பிடிஎஃப் ஆக நாலு நிமிடம். "எங்க சித்தப்பா பேரு விட்டுப்போச்சே" என்று யாராவது வந்து நிற்பார்கள். திருத்தினால் மறுபடி நாலு நிமிடம். அதற்குள் அவர்கள் கண் எதிர்வரிசையில் இருக்கும் புதுக் கடைப் பக்கம் போகும். அம்மாவும் அதைப் பார்ப்பாள்.

உள்ளே இருந்தது பென்டியம் டூயல் கோர் இ2160. 1.8 கிகாஹெர்ட்ஸ், 1 எம்பி கேஷ். போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய பிராசஸர்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் சில்லறை மாதிரிக் குவித்து வைத்திருந்த கடைக்காரர், "நாலு கோரே இருக்கு தம்பி, எதுக்கு ரெண்டு?" என்று கியூ6600ஐ எடுத்து நீட்டினார். நல்ல பிராசஸர்தான், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ். எனக்கு வேண்டியது 3 கிகாஹெர்ட்ஸும் 6 எம்பி கேஷும் உள்ள கோர் 2 டுவோ இ8400.

பரோட்டாக் கடையில் நாலு மாஸ்டர் நின்றாலும் ஒரு பரோட்டாவை ஒருத்தர்தான் வீச முடியும். பேஜ்மேக்கர் எல்லா வேலைக்கும் ஒரே மாஸ்டரை நம்பும் காலத்து மென்பொருள். அதற்கு ஆள் கூடிப் பயனில்லை, கை வேகமாக இருக்க வேண்டும். இரண்டாவது கோர் வைரஸ் ஸ்கேனையும் பிரிண்டர் வரிசையையும் பார்த்துக்கொள்ளும். மிச்ச இரண்டும் சும்மா நின்று கரண்டைத் தின்னும்.

எங்கள் போர்டு 2007இல் வந்தது. இ8400 வந்தது 2008இல். தனக்குப் பின்னால் பிறந்த பிராசஸரை அது அடையாளம் காண வேண்டுமென்றால் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம். போர்டு போனால் பூட்டு, எழுத்துரு, பதினெட்டு வருட ஃபைல்கள் எல்லாம் அந்தரத்தில். யுபிஎஸ் பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கினால் அதிகம்.

"சாயங்காலம் வேண்டாம்ல. காலைல அஞ்சு மணிக்குச் செய்யி, அப்போ கரண்ட் போவாது" என்றாள் அம்மா.

ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். திரையில் சதவீதம் ஏறியது. 70இல் கொஞ்ச நேரம் நின்றது. அம்மா ஃபேனை அணைத்தாள். ஃபேனுக்கும் பயாஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; நான் எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு பெரிய வேலையில்லை. இந்த 775 சாக்கெட்டில் ஊசிகள் போர்டில்தான் இருக்கும், பிராசஸரில் அல்ல. ஒன்று வளைந்தாலும் தலைவலி என்பதால் மூச்சை அடக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களை அழுத்தும்போதுதான் போர்டு வளைந்து பயமுறுத்தும்.

நாலு நிமிட பிடிஎஃப் இப்போது இரண்டே காலில் முடிகிறது. விண்டோஸ் திறக்கும் நேரம் மட்டும் பெரிதாகக் குறையவில்லை, ஹார்ட் டிஸ்க் பழசுதானே.

அம்மா இரண்டு நோட்டீஸ் முடித்துவிட்டுத் திரும்பினாள். "வேகமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பூட்டு போச்சுன்னா என்னல செய்வ?"

அதற்கு ரிச்சி தெருவில் பதில் கிடையாது. ஆகவே வாரத்துக்குப் பத்து ஃபைல் என்று யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மாற்றியை ஓட்டுவது நான், பிழை பார்ப்பது அம்மா. ஒவ்வொரு முறையும் 'ஸ்ரீ' மட்டும் உடைந்து வருகிறது. கோயில் நோட்டீஸில் அது இல்லாத பக்கமே இல்லை.