தோட்டுக்குப் பங்கு உண்டு, கண்ணுக்கு?

சாவைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சகோதரிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கிற நாம், இதையும் ஒரு நாள் பேசித்தான் ஆக வேண்டும்.

என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கடைசியில் சோற்றையும் தடவித் தடவித்தான் சாப்பிட்டார். மதுரைக்குக் கூட்டிப் போய் ஆபரேஷன் செய்தோம். கட்டுப் பிரித்த மறுநாள் வடமதுரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்று சாயங்காலம் என்னிடம், "ஏந்தாயி, செத்த பிறகு கண்ணை எடுத்து இன்னொருத்தருக்கு வைப்பாகளாமே? நான் போனா எங்கண்ணைக் குடுத்துரு. மண்ணு திங்கிறதை மனுசன் பாக்கட்டுமே" என்றார். "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு நான் உலை வைக்கப் போய்விட்டேன். அதோடு சரி.

ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு அத்தை போய்ச் சேர்ந்தார். அழுகைக்கு நடுவே எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் வரட்டும்" என்றார். திருப்பூரிலிருந்து அவர் வந்து சேர மணி ஒன்பதாகிவிட்டது. கேட்டதும் கொதித்துப் போனார். "அடுத்த சென்மத்துல எங்கம்மா குருடாப் பிறக்கணுமா? அம்மா எங்கிட்டச் சொல்லலை, தம்பிகிட்டச் சொல்லலை. உங்கிட்ட மட்டும் சொன்னாகளா?" கூட்டத்தில் ஒரு கிழவி, "வந்த மருமகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கொண்டார். மணி பத்தும் அடித்துவிட்டது. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அத்தையின் தோடும் சங்கிலியும் பங்குக்கு வந்தன. கொள்ளி வைத்தவன் நான்தானே, எனக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்றார் பெரியவர். திண்டுக்கல்லில் வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகனைக் கேட்டோம். "1956-ஆம் வருஷத்து இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவருக்குச் சமமாகப் போகும். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஆகவே இரண்டு மகன், ஒரு மகள், மூன்று சம பங்கு. கொள்ளிக்கென்று தனிப் பங்கு கிடையாது" என்றான். என் நாத்தனாருக்கும் சரிபங்கு கிடைத்தது. சந்தோஷம்தான்.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. "ஏம்ப்பா, தோட்டுக்கு இவ்வளவு சட்டம் இருக்கே, கண்ணுக்கு இல்லையா?" என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கே கண் திறந்தது.

இறந்தவரின் உடல் யாருக்கும் சொத்து இல்லையாம். இங்கிலீஷ்காரன் காலத்திலிருந்து வரும் கொள்கை அது. அதனால் நகையைப் போல அதைப் பங்கு போட முடியாது, விற்கவும் முடியாது. உயிலில் எழுதினால் போதாதா என்றால், உயில் சொத்துக்குத்தான். அதுவும் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் பலர் வீட்டில் உயிலையே பிரிக்கிறார்கள்!

இதற்கென்று 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். அப்படி எழுதி, பின்னால் மாற்றிச் சொல்லாமலும் இருந்தால், அந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. எழுதி வைக்காவிட்டால், உடலைப் பொறுப்பில் வைத்திருப்பவர் சம்மதிக்கலாம். ஆனால் நெருங்கிய உறவினர் ஒருவர் மறுத்தாலும் போச்சு.

நெருங்கிய உறவினர் யார் யார்? கணவன், மனைவி, மகன், மகள், தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள், 2011-ல் சேர்த்த தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை சகோதரிகளே! மலம் ஜலம் எடுத்தவள் நான், கடைசி ஆசையைக் காதில் வாங்கியவள் நான். சட்டத்தின் முன்னால் என் வார்த்தை செல்லாது. அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, மகனைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருந்தால் அத்தையின் ஆசை நிறைவேறியிருக்கும். உலை கொதிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர், வயதானவர் எல்லோரும் கண் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் இறந்தவர் கண் ஆகாது. உயிர் பிரிந்ததும் கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அவர்களே வீடு தேடி வந்து இருபது நிமிஷத்துக்குள் எடுத்துவிடுவார்கள். முகம் கோரமாகாது. பணம் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. முழு உடலையும் கொடுக்க நினைப்பவர்கள் மருத்துவக் கல்லூரியில் எழுதிக் கொடுக்கலாம். நம் திண்டுக்கல்லிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். தாளில் எழுதியிருந்தாலும், வீட்டார் அழுது மறுத்தால் கண் வங்கிக்காரர்கள் வற்புறுத்தாமல் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் எழுதுவதோடு நிற்காமல் எல்லோர் காதிலும் போட்டு வைக்க வேண்டும்.

நான் எழுதிவிட்டேன். முதல் சாட்சியாக என் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டார். போடும்போது, "அம்மாவுக்குச் செய்யாததை உனக்காவது செய்யறேன்" என்றார். இரண்டாவது சாட்சி பக்கத்து வீட்டு டீச்சர். அந்தத் தாள் ரேஷன் கார்டோடு இருக்கிறது. கண் வங்கி நம்பரைக் காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். திருப்பூருக்கும் போன் செய்து பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் இஷ்டம்மா" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் திண்ணையில் உட்கார்ந்து இப்படி ஏதாவது சொல்வார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேளுங்கள். வீட்டு ஆண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.