கருவி கொடுக்க முன்னம் காதைப் பார்க்க வேண்டும்

கண் தெரியாதவருக்குக் கை கொடுக்கின்ற எங்கள் சமூகம், காது கேளாதவரைக் கண்டால் சிரிக்கின்றது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழியும் வைத்திருக்கின்றோம். இந்தச் சிரிப்புக்குப் பயந்தே யுத்தத்தில் காது பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் அதை வெளியில் சொல்வதில்லை. காதுக் கருவி பொருத்தும் தொழிலுக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நான், படித்தவற்றில் உங்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கு எழுதுகின்றேன்.

நான் வன்னியைச் சேர்ந்தவள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்து, மகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தேன். பின்னர் கிளிநொச்சியில் சில வருடங்கள் வாழ்ந்து, 2015இல் மறுமணம் செய்து அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே காதுக் கருவி விற்கும் சிறிய கடையொன்றில் துப்புரவு வேலை கிடைத்தது. பிறகு வருபவர்களின் பெயர் பதியும் வேலையையும் தந்தார்கள். கடைக்காரப் பெண்மணிதான் ஒருநாள், "வருகிற கிழவர்கள் எல்லாரும் உன்னோடுதான் கதைக்க விரும்புகிறார்கள். நீயும் இந்தப் பரீட்சையை எடுக்கலாமே" என்றார்.

கேள்திறன் நிபுணராவதற்கு இங்கே கலாநிதிப் பட்டம் வேண்டும். கருவி பொருத்துபவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் சித்தியடைந்து மாநில அரசின் சபையிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அதுவரை அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் பயிலுநராக இருக்கலாம். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோன எனக்கு இதைவிட நல்ல வழி வேறொன்றும் தெரியவில்லை.

காலை நான்கு மணிக்கு எழும்பிச் சமையலறை மேசையில் படிப்பேன். புத்தகம் ஆங்கிலம், என் கொப்பி தமிழ். தமிழில் எழுதி விளங்கிக்கொண்டது மறப்பதில்லை. கேள்திறனைச் சோதிக்கும்போது சத்தம் கேட்டதும் பத்து டெசிபெல் குறைக்கவேண்டும், கேட்காவிட்டால் ஐந்து டெசிபெல் கூட்டவேண்டும். இப்படி ஏறி இறங்கித்தான் ஒருவர் கேட்கக்கூடிய மிகச் சிறிய சத்தத்தைக் கண்டுபிடிக்கின்றோம். ஒரு காதுக்குக் கொடுக்கும் சத்தம் பலமாயிருந்தால் மண்டையோட்டின் வழியே மற்றக் காதுக்கும் போய்விடும். அப்போது நல்ல காது கேட்டதைப் பழுதான காது கேட்டதாக எழுதிவிடுவோம். ஆகவே நல்ல காதுக்கு ஓர் இரைச்சலைக் கொடுத்து, அதை வேறு அலுவலில் வைத்துவிட்டு மற்றதைச் சோதிக்கவேண்டும். இந்தப் பாடம் விளங்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

பயிற்சிக்காக என் காதையும் சோதித்தார்கள். வலது காதின் கோடு மற்ற இடங்களில் நேராகப் போய், 4000 ஹேர்ட்ஸ் மீடிறனில் மட்டும் கிணறு போல் இறங்கி ஏறியது. பெருஞ்சத்தத்தால் வந்த பாதிப்புக்கு இதுவே வழமையான அடையாளம் என்று புத்தகம் சொல்கின்றது. உட்காதில் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. பங்கருக்கு வெளியே ஷெல் விழுந்த அந்த நாளின் கணக்கு இவ்வளவு காலமும் என் காதுக்குள் எழுதப்பட்டிருந்தது. கடதாசியில் அதைப் பார்த்தபோது அழுகை வந்தது. ஆனால் மனதில் ஒரு தெளிவும் வந்தது. வலது பக்கத்திலிருந்து மகள் கதைத்தால் நான் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கின்றேன் என்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

கிளிநொச்சியில் இருக்கும் மாமி, என் முதற் கணவரின் தாயார், தொலைபேசியில் அடிக்கடி, "கேக்குது பிள்ளை, ஆனா விளங்குதில்லை" என்பார். 2009க்குப் பிறகு அவருடைய இடது காதிலிருந்து இடையிடையே சீழ் வடியும். நான் இந்தத் தொழிலில் இருப்பது தெரிந்ததும் மச்சாள், "அம்மாவுக்கு ஒரு மெசின் வாங்கி அனுப்புங்கோ" என்று கேட்டார். வாங்குவது கஷ்டமில்லை. 2022 ஒக்டோபர் 17 முதல் அமெரிக்காவில் வயதுவந்தோருக்கான ஒருவகைக் கருவியைச் சோதனை எதுவுமின்றிக் கடையில் வாங்கலாம். ஆனால் நான் வாங்கவில்லை.

காரணம், கருவி கொடுக்க முன்னம் வைத்தியரிடம் அனுப்பவேண்டிய எட்டு அறிகுறிகள் உண்டு. 1977இல் அமெரிக்க அரசு விதியாகக் கொண்டுவந்த அந்தப் பட்டியலைத்தான் நான் முதலில் மனனம் செய்தேன். காதின் உருவத்தில் குறைபாடு, கடந்த 90 நாட்களுக்குள் காதிலிருந்து வடிதல், 90 நாட்களுக்குள் திடீரென்று அல்லது வேகமாகக் கேள்திறன் குறைதல், தலைச்சுற்று, ஒரு காது மட்டும் அண்மையில் கேளாமற் போதல், எலும்பு வழிக் கேள்திறனுக்கும் காற்று வழிக் கேள்திறனுக்கும் 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் மீடிறன்களில் 15 டெசிபெல் அல்லது அதற்கு மேற்பட்ட வித்தியாசம், காதை அடைக்கும் குடுமி அல்லது வேறு பொருள், காதில் வலி. விற்கக் கற்றுக்கொள்ளப் போன எனக்கு, எப்போது விற்கக்கூடாது என்பதையே முதலில் கற்பித்தார்கள்.

மாமிக்கு இருந்தது அதில் இரண்டாவது. வடியும் காதை அடைத்துக் கருவி வைத்தால் நோய் கூடலாம். "வெளிநாட்டில் இருந்துகொண்டு ஒரு மெசின் அனுப்ப மனமில்லை" என்று உறவினர் சிலர் கதைத்தார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. மச்சாளிடம் பொறுமையாக விளங்கப்படுத்தி, மாமியைக் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பினேன். செவிப்பறையில் துவாரம் இருப்பதாகவும் கிருமித் தொற்று இருப்பதாகவும் வைத்தியர் சொல்லி மருந்து கொடுத்தார். இப்போது காது காய்ந்திருக்கின்றது. கருவி பற்றி அடுத்த கிளினிக்கில் முடிவெடுப்பார்கள்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். செய்முறைப் பரீட்சை இன்னும் இருக்கின்றது. காதின் அச்செடுக்கத்தான் இப்போது பழகுகின்றேன். முதலில் ஒளிக்கருவியால் காதுக்குள் பார்க்கவேண்டும். பின்பு அச்சுக் களி செவிப்பறையைத் தொடாதபடி நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைக்கவேண்டும். அந்நேரம் கையை அவருடைய தலையோடு அணைத்துப் பிடிக்கவேண்டும். அவர் திடீரென்று அசைந்தாலும் கையும் கூடவே அசையும், காயம் வராது. முடிந்தபின் மீண்டும் உள்ளே பார்க்கவேண்டும். மகளும் கணவரும் தங்கள் காதுகளைத் தந்து உதவுகின்றார்கள்.

சகோதரிகளே, காதில் சீழ் வடிந்தால் அல்லது ஷெல் சத்தத்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம் என்று நினைத்தால், காய்ச்சிய எண்ணெயோ வேறெதுவுமோ விடாதீர்கள். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு காது கேளாமற் போனால் நாட்களைக் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் இதற்குரிய கிளினிக் உண்டு. அங்கே கட்டணம் இல்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் குழப்படி என்று அடிக்க முன்னம் காதைச் சோதித்துப் பாருங்கள். வெளிநாட்டு உறவினர் கருவி அனுப்பினாலும் வைத்தியரிடம் காட்டிய பின்பே போடுங்கள். "எனக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் முன்னால் வந்து ஆறுதலாகச் சொல்லுங்கோ" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காது பழுதானது எங்கள் குற்றமல்ல.