மாதத்தின் பின்பாதி

மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டங்களுக்கு ஏற்ப உடற்பயிற்சியைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து, 2019இல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க மகளிர் கால்பந்து அணி அவ்வழக்கத்தைக் கைக்கொண்ட செய்தி பரவிய பின்னர், பரவலாகப் பேசப்படலாயிற்று. பயிற்சி என்ற பெயரே இல்லாமல் உடலை வருத்தி உழைக்கும் மரக்காணத்து உப்பளப் பெண்களை வைத்து அதை உரைத்துப் பார்த்தால், எது பொன், எது முலாம் என்பது தெரியவருகிறது.

உதிரப்போக்கின் முதல் நாள் தொடங்கிக் கருமுட்டை வெளிப்படும் வரையிலான முன்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு படிப்படியாக உயர்கிறது. அதன் பின்னர், அடுத்த உதிரப்போக்கு வரையில், புரோஜெஸ்ட்ரோன் மேலோங்குகிறது. முன்பாதிக்குக் கடும்பயிற்சி, பின்பாதிக்கு மென்பயிற்சி என வகுத்துச் சொல்வோர் பலர் உளர். ஆயினும் 2020இல் 78 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய மெக்நல்டி குழுவினர், உதிரப்போக்கின் தொடக்க நாட்களில் உடல்திறன் மிகச் சிறிதளவே குறையக்கூடும் என்றும், எல்லோருக்கும் பொதுவான விதி வகுக்க அச்சான்று போதாது என்றும் கண்டனர். வலிமை பற்றிய பேச்சு இவ்வாறு தளர, உறுதியாக நிற்பது வெப்பம் பற்றிய செய்தியாகும்: பின்பாதியில் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. வியர்வை சுரக்கத் தொடங்குவதற்கான வெப்ப வரம்பும் உடன் உயர்கிறது. குளிரூட்டப்பட்ட கூடத்தில் இந்த அரை டிகிரி ஒரு பொருட்டன்று.

மரக்காணத்தில் அது பொருட்டாகிறது. உப்புநீர் வெயிலில் வற்றி, நீர்மானியில் ஏறத்தாழ 25 டிகிரி அடர்த்தி காட்டும்போதுதான் பாத்தியில் உப்பு விளைகிறது. ஆகவே உப்புக்கு நல்ல நாள் எதுவோ அதுவே உடலுக்குக் கொடிய நாள். துண்டை முறுக்கிச் சும்மாடாக வைத்து, அதன்மேல் ஈர உப்புக் கூடையை ஏற்றி, வழுக்கும் வரப்பில் அம்பாரம் வரை நடக்கும் பெண்ணின் காதோரமும் கழுத்தும், கூடையிலிருந்து ஒழுகும் உப்புநீரில் நனைந்து எரிகின்றன. மாதவிடாய்த் துணி அதில் நனைந்தால் தொடையிடுக்கு புண்ணாகும். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பது தெரியவந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒதுங்க மறைவிடம் இல்லாத வெளியில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனவே, சுழற்சிக்கேற்ப உழைப்பை மாற்றும் அறிவு எங்கே மிகுதியாகப் பயன்படுமோ அங்கேதான் அது வந்து சேரவில்லை எனலாம். கூடையைத் தூக்கிவிடுபவரும் சுமந்து நடப்பவரும் பின்பாதி நாட்களில் இடம் மாறிக்கொள்வதும், நடைகளுக்கு இடையே நிழலில் நின்று ஒரு செம்புத் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல. ஆனால் அவற்றைக் கேட்க மேஸ்திரியிடம் காரணம் சொல்ல வேண்டும். உதிரப்போக்கு நாட்களுக்கே 'உடம்பு சரியில்லை' என்ற மூடுசொல் ஒன்றுதான் கைவசம் உண்டு. கூலி போய்விடும் என்ற அச்சத்தில் அதுவும் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. உதிரமே காணாத அந்தப் பின்பாதிக்கோ பேச்சு வழக்கில் ஒரு பெயர்கூட இல்லை.