நான்காம் வரிசைக்காரர்

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் மொன்றியால் பத்திரிகைகளை வாசிப்பது என் ஓய்வுக்காலப் பழக்கம். அந்த ஊருக்கு ஐஸ் ஹாக்கிதான் உயிர்.

ஊர் அணியான கனடியன்ஸ் 2021இல் ஸ்டான்லி கோப்பை இறுதிவரை போனது. மறு சீசனில் 32 அணிகளில் கடைசி. அதற்கடுத்த ஆண்டும் பிளே-ஆஃப் கிட்டவில்லை. அந்த நிலையில், 2023 ஜூனில் மைக்கேல் பெசெட்டாவுக்கு மேலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தந்தார்கள்.

அப்போது அவர் நான்காம் வரிசை ஆட்டக்காரராக இருந்தார். நான்கு வரிசைகள் மாறி மாறி இறங்கும். கடைசி வரிசைக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். முந்தைய சீசனில் 63 ஆட்டங்களில் அவர் அடித்தது 7 கோல்.

இம்மாதிரி ஒப்பந்தம் வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "தோற்கிற அணிக்கு இவர் எதற்கு? அந்த இடத்தை ஒரு இளைஞனுக்குக் கொடுங்கள்" என்பது ஒன்று. "மோதலுக்கு அஞ்சாதவர், சம்பளமும் குறைவு, இருக்கட்டுமே" என்பது மற்றொன்று. ஆண்டுக்கு 8,12,500 டாலர். அந்த லீகில் அப்போது அது அடிமட்டத்தை ஒட்டிய தொகையாக இருந்தது.

குமாஸ்தாவாக இருந்த நான் இரண்டாம் கட்சி. எந்த ஆபீசிலும், யார் லீவு போட்டாலும் அந்த மேசையில் உட்காரும் ஒருவர் இருப்பார். பதவி உயர்வுப் பேச்சில் அவர் பெயர் அடிபடாது. அவர் வராத அன்றுதான் ஃபைல் தேங்கும்.

இளைஞனுக்கும் கடைசி வரிசையின் சில நிமிடங்களைவிட, லவாலிலுள்ள துணை அணியில் நிறைய ஆடுவதே நல்ல பயிற்சி. அணி தோற்றது பெசெட்டாவால் அல்லவே! வீட்டில் பணமுடை வந்தால் முதலில் வேலைக்காரியின் சம்பளத்தைப் பற்றித்தானே பேசுகிறோம்?