எட்டு மணிப் பள்ளி

முதல் மணி அடிக்க நேரம் இருக்கிறது. கண்ணமங்கலத்துத் தொடக்கப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்குச் சமமாகப் பெரியவர்கள். வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் பேருந்துகளின் ஹாரன்.

ஒரு தாத்தா, பேத்தியின் புத்தகப்பை தன் தோளில். நகக்கண்ணில் பட்டுச் சாயம். அவளைத் தட்டோடு வரிசையில் விட்ட பிறகும் அவர் நகரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று வெளியே வருகிறது; வங்கிக் காகிதம். டீச்சர் நின்றபடியே படித்துவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறார். இது எந்த அரசாணையிலும் இல்லாத வேலை.

சுவரை ஒட்டி இரண்டு அம்மாக்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள், குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

உள்ளே புதன்கிழமைப் பொங்கலின் மிளகு வாசனை. மதியச் சோறு காமராசர் காலத்தது. காலைச் சோறு 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. இந்த ஆரணிப் பக்கத்துத் தறி வீட்டில் விடியற்காலை என்பது லேசான நேரமல்ல. பாவு நீட்ட ஆள் வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். அடுப்பும் பிள்ளையும் கூப்பிடுவதும் அப்போதுதான். பசி தீர்ந்தது என்றே பலரும் இந்தக் காலைச் சோற்றுத் திட்டத்தைப் புகழ்கிறார்கள். பெண்களுக்குக் காலையில் கொஞ்ச நேரம் மிஞ்சியதைப் பற்றிய பேச்சு குறைவு.

பரிமாறி முடித்த அக்கா, மகளிர் குழுக்காரர், செல்போனில் சாப்பிட்டவர் எண்ணிக்கையை ஏற்றுகிறார். சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தறிக்குத் தார் சுற்ற வேண்டும். கண் அடிக்கடி வாசலுக்குப் போகிறது. இந்தச் சமையல் வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். நல்ல யோசனைதான், தன் பிள்ளைக்கும் சேர்த்துச் சமைக்கும் கை உப்பைப் பார்த்துத்தான் போடும். ஆனால் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறதே.

“உம்பொண்ணு எத்தினாவது?” என்கிறார் பாத்திரம் கழுவுகிறவர்.

“அஞ்சாவது. வர்ற வருசம் அதுக்கும் டி.சி., எனக்கும் டி.சி.”

எண்ணிக்கை ஏறிவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று கிளம்புகிறார்.